பெட்டியில் எழுத்து வந்தால் பதறாதீர்கள்!
போர்வெல் மோட்டார் டிரைவ் காட்டும் கோளாறு எழுத்துகளும் அவற்றின் பொருளும்

நாற்றுப் பறித்து முடி கட்டியாகிவிட்டது. நடவு ஆட்கள் வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சேற்றுக்குத் தண்ணீர் வைக்க மோட்டார் கொட்டகைக்குப் போய் பொத்தானை அழுத்தினால், ஒரு நொடி உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. பெட்டியின் சின்னத் திரையில் இரண்டு எழுத்துகள் மின்னுகின்றன. ரீசெட் செய்தால் மறுபடியும் உறுமல், மறுபடியும் அதே எழுத்து. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று புதுச்சேரியின் எந்தப் பக்கம் போனாலும் இந்தக் காட்சி இன்று சாதாரணமாகிவிட்டது.

பழைய ஸ்டார்ட்டர் வேறு மாதிரி. டிரிப் ஆனால் டிரிப் ஆனதுதான், காரணம் சொல்லாது. இந்தப் புதிய பெட்டி தான் நின்ற காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. அந்த மொழி நமக்குத் தெரியாததால் ரீசெட் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துகிறோம். பத்தாவது முறை அழுத்தும்போது காயில் கருகுகிறது. பிறகு முந்நூறு அடியிலிருந்து மோட்டாரைத் தூக்க வேண்டும், காயில் கட்ட வேண்டும், திரும்ப இறக்க வேண்டும். அதற்குள் நாற்று முற்றிவிடும். முதல் தடவை வந்த எழுத்தைப் படித்திருந்தால் இதில் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஊற்றிலிருந்து டிரைவ் வரை

புதுச்சேரி மண்ணுக்கு நிலத்தடி நீர் விஷயத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே துளை போட்டபோது, பல இடங்களில் தண்ணீர் தானாகவே மேலே பொங்கி வந்தது. ஆர்ட்டீசியன் ஊற்று என்று அதைச் சொல்வார்கள். பூமிக்குள் இருந்த அழுத்தமே தண்ணீரை ஏற்றிக் கொடுத்தது. மோட்டார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தக் காலம் போய்விட்டது. ஏற்றமும் கவலையும் போய் ஆயில் இன்ஜின் வந்தது, மேல்மட்ட மோட்டார் வந்தது, இப்போது சப்மெர்சிபிள் மோட்டார் மட்டும்தான். துளையின் ஆழம் கூடக் கூட மோட்டாரின் குதிரைத்திறனும் கூடியது. மத்திய அரசு 2019-இல் கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்துக்குப் பிறகு சோலார் பம்புகளும் வயலுக்கு வந்துவிட்டன. சோலார் பம்பின் கன்ட்ரோலர் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு டிரைவ்தான். மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் பயன்படுகிற அதே வகைப் பெட்டி, இன்று வேப்ப மரத்தடியில் தொங்குகிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

நமக்கு வரும் மின்சாரம் முன்னும் பின்னுமாகத் திசை மாறி, வினாடிக்கு 50 முழுச் சுற்றுகளை முடிக்கிறது. அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். மோட்டாரின் வேகம் இந்த எண்ணைப் பொறுத்தது. 50-ஐ 40 ஆக்கினால் மோட்டார் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் சுற்றும். இந்த எண்ணை மாற்றித் தருவதே டிரைவின் வேலை.

அதை மூன்று கட்டமாகச் செய்கிறது. முதலில், வருகிற மூன்று பேஸ் மின்சாரத்தை டி.சி.யாக மாற்றுகிறது. 415 வோல்ட் உள்ளே வந்தால் டி.சி. பக்கம் ஏறக்குறைய 560 முதல் 590 வோல்ட் வரை நிற்கும். இரண்டாவதாக, அந்த டி.சி.யைக் கெப்பாசிட்டர்களில் தேக்கி வைக்கிறது. மூன்றாவதாக, வேகமாகத் திறந்து மூடும் ஆறு மின்னணு ஸ்விட்சுகள் வழியாக அதை மறுபடி மூன்று பேஸாக்கி, நாம் கேட்ட ஹெர்ட்ஸில் மோட்டாருக்கு அனுப்புகிறது. சோலார் பம்பில் முதல் கட்டத்துக்கு வேலை இல்லை, தகடுகளே டி.சி.யாகத்தான் தருகின்றன.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். வரத்து வாய்க்கால், ஏரி, மதகு. வரத்து குறைந்தால் ஒரு எழுத்து, ஏரி நிரம்பித் தளும்பினால் ஒரு எழுத்து, மதகுக்குக் கீழே கால்வாய் உடைந்து தண்ணீர் அளவுக்கு மீறி ஓடினால் இன்னொரு எழுத்து. பெரும்பாலான கோளாறு எழுத்துகள் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்கின்றன.

கையை வைப்பதற்கு முன்

மெயினை அணைத்தவுடன் பெட்டியைத் திறக்கக் கூடாது. கெப்பாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கிறது. அது வடிய நேரம் ஆகும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். ஒட்டு உரிந்து போயிருந்தால் குறைந்தது பத்து நிமிடமாவது பொறுங்கள். திரை அணைந்துவிட்டது என்பதற்காக உள்ளே மின்சாரம் இல்லை என்று நினைக்காதீர்கள்.

சோலாரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெயில் இருக்கும்வரை தகடுகள் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். டி.சி. ஸ்விட்சை அணைத்தாலும் தகட்டிலிருந்து அந்த ஸ்விட்ச் வரையிலான ஒயரில் உயிர் இருக்கும். பெட்டியைத் திறப்பது, ஒயரைக் கழற்றுவது, மெகர் வைப்பது எல்லாம் எலெக்ட்ரீசியன் வேலை. விவசாயியின் வேலை, கவனித்துக் குறித்து வைப்பது. சரியான குறிப்பு கையில் இருந்தால் எலெக்ட்ரீசியனுக்கும் பாதி வேலை முடிந்த மாதிரி.

குறிக்க வேண்டியவை ஐந்துதான்:

1. திரையில் வந்த எழுத்து. செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தபின் மறந்துவிடும்.
2. எப்போது வந்தது? பொத்தான் அழுத்திய உடனேயா, ஓடிக்கொண்டிருக்கும்போதா, நிறுத்தும்போதா?
3. அப்போது திரையில் எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை ஆம்பியர்?
4. நேரமும் வானமும். உச்சி வெயிலா, மேகமா, மழைக்கு மறுநாளா?
5. அதற்கு முன் என்ன மாற்றம் நடந்தது? மோட்டார் தூக்கி இறக்கினீர்களா, ஒயர் மாற்றினீர்களா, பக்கத்தில் புது மோட்டார் வந்ததா?

இவற்றில் இரண்டாவது கேள்வி மிக முக்கியம். ஒரே எழுத்து, தொடக்கத்தில் வந்தால் ஒரு காரணம். அரை மணி ஓடியபின் வந்தால் வேறு காரணம்.

எழுத்துக்கு எழுத்து விளக்கம்

கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து மாறும். ஆனால் கோளாறுகள் அவைதான். நம் வயல்களில் அதிகம் வருபவை இவை.

குறை வோல்டேஜ் (பெரும்பாலும் யு.வி. அல்லது எல்.யு.): ஏரிக்கு வரத்து போதவில்லை. மின் இணைப்பில் ஓடும் மோட்டாரானால், ஒரு பேஸ் போயிருக்கலாம், ஃப்யூஸ் கேரியர் தளர்ந்திருக்கலாம், எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவதால் வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். மோட்டார் நிற்கும்போது வோல்டேஜ் சரியாக இருந்து, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். சோலாரில் காலையிலும் மாலையிலும் மேகம் மறைக்கும்போதும் இந்த எழுத்து வந்து போனால் அது கோளாறே அல்ல. வெயில் வந்ததும் தானே ஓடும். பளிச்சென்ற வெயிலிலும் வந்தால் தகட்டில் தூசி, நிழல், கழன்ற இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

அதிக வோல்டேஜ் (ஓ.வி. அல்லது ஓ.யு.): ஏரி தளும்புகிறது. லைனில் திடீர் ஏற்றம் வந்திருக்கலாம். மோட்டாரை நிறுத்தும் நேரத்தில் மட்டும் வந்தால், வேகத்தைக் குறைக்கக் கொடுத்த வினாடிகள் போதவில்லை. அதைக் கூட்டினால் சரியாகும். சோலாரில் தண்ணீர் கூடுதலாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வரிசையில் ஒரு தகடு கூடுதலாகச் சேர்த்திருந்தால் இந்த எழுத்து வரும். தகடு குளிர்ந்திருக்கும்போது வோல்டேஜ் கூடும். அதனால் மார்கழிக் காலையில் மட்டும் வந்து மதியம் வராமல் இருந்தால், தகடுகளின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். இதை அலட்சியம் செய்தால் கன்ட்ரோலரே எரிந்துபோகும்.

அதிக கரன்ட் (ஓ.சி.): மதகுக்குக் கீழே உடைப்பு. இதுதான் பயப்பட வேண்டிய எழுத்து. பொத்தான் அழுத்திய உடனே வந்தால் கேபிளிலோ ஜாயின்டிலோ காயிலிலோ ஷார்ட் இருக்கலாம். அல்லது மணல் ஏறி இம்பெல்லர் இறுகியிருக்கலாம். நம் பகுதியில் மணற்பாங்கான அடுக்குகளில் துளை போட்டிருப்பதால் மணல் அள்ளுவது பல போர்களில் உண்டு. இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. நான்-ரிட்டர்ன் வால்வு ஒழுகினால், மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் உள்ள தண்ணீர் கீழே இறங்கி இம்பெல்லரைப் பின்பக்கமாகச் சுற்றவிடும். அது நிற்பதற்குள் மறுபடி போட்டால் டிரைவ் இந்த எழுத்தைக் காட்டும். ஐந்து நிமிடம் பொறுத்துப் போட்டால் ஓடுகிறது என்றால் வால்வைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எர்த்து கோளாறு (ஜி.எஃப். அல்லது இ.எஃப்.): மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு பகுதி தரைக்குக் கசிகிறது. எலி கடித்த கேபிள், தண்ணீர் புகுந்த ஜாயின்ட், துளைச் சுவரில் உரசித் தோல் உரிந்த ஒயர், ஈரம் ஏறிய காயில் என்று காரணம் எதுவும் இருக்கலாம். இந்த எழுத்து வந்தால் ரீசெட்டே செய்யாதீர்கள். ஈர வரப்பில் வெறுங்காலுடன் நிற்பவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஓவர்லோட் (ஓ.எல்.): மோட்டார் தாங்க வேண்டிய ஆம்பியரைத் தாண்டிச் சிறிது நேரம் ஓடியிருக்கிறது. பேரிங் தேய்மானம், மணல், தவறாக எழுதிய ஆம்பியர் அளவு ஆகியவை காரணம். புது டிரைவ் மாட்டும்போது மோட்டார் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியரைப் பெட்டியில் பதிய வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. அதே குதிரைத்திறன் உள்ள மேல்மட்ட மோட்டாரைவிட சப்மெர்சிபிள் அதிக ஆம்பியர் இழுக்கும். ஆகவே டிரைவை ஹெச்.பி. பார்த்து வாங்காமல் ஆம்பியர் பார்த்து வாங்க வேண்டும்.

சூடு (ஓ.ஹெச்.): பெட்டி கொதிக்கிறது. பெரும்பாலான டிரைவ்கள் 40 டிகிரி வரையிலான வெப்பத்துக்குக் கணக்கிட்டவை. சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் உள்ளே அதைவிட வெகுவாக ஏறும். மின்விசிறி சுற்றுகிறதா, பின்பக்கத் துடுப்புகளில் தூசியும் குளவிக்கூடும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்துக் காத்திருந்து தூரிகையால் தட்டுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்டிக்கு மேலேயும் கீழேயும் குறைந்தது ஒரு சாண் இடம் வேண்டும்.

வெற்று ஓட்டம் (டிரை ரன்): போரில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் சுற்றுகிறது. தண்ணீர் ஏற்றும் சுமை இல்லாததால் ஆம்பியர் இறங்கிவிடும். அதை வைத்துத்தான் பெட்டி கண்டுபிடிக்கிறது. சப்மெர்சிபிளுக்குத் தண்ணீர்தான் எண்ணெய், தண்ணீர்தான் குளிர்ச்சி. அது இல்லாமல் சில நிமிடம் ஓடினாலும் பேரிங் போய்விடும். நீர்மட்டம் இறங்கியது தவிர, குழாய் ஜாயின்ட் விட்டிருந்தாலும் சல்லடை அடைத்திருந்தாலும் இந்த எழுத்து வரும்.

ஒரே நோய், நான்கு பெயர்

கையேடு தொலைந்துபோன பழைய டிரைவ் வாங்கியவர்களுக்கு இந்தச் சிறு பட்டியல் உதவும்.

அதிக கரன்ட்: ஏ.பி.பி. ஏ.சி.எஸ். 550-இல் 1; சீமென்ஸ் மைக்ரோமாஸ்டர் 440-இல் எஃப்0001; டான்ஃபாஸ் வி.எல்.டி.யில் அலாரம் 13; ஷ்னைடர் ஆல்டிவாரில் ஓ.சி.எஃப்.

அதிக டி.சி. வோல்டேஜ்: அதே வரிசையில் 2, எஃப்0002, அலாரம் 7, ஓ.பி.எஃப். அல்லது ஓ.எஸ்.எஃப்.

குறை டி.சி. வோல்டேஜ்: 6, எஃப்0003, அலாரம் 8, யு.எஸ்.எஃப்.

ஒரே கம்பெனியிலும் மாடல் மாறினால் எண் மாறும். ஆகவே டிரைவின் மாடல் பெயரைக் குறிப்பு நோட்டில் எழுதி, கையேட்டின் கோளாறுப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கோளாறு மேலேயா, கீழேயா?

அதிக கரன்டோ எர்த்து கோளாறோ காட்டினால் முதலில் தெரிய வேண்டியது, பழுது பெட்டியிலா அல்லது போரிலா என்பதுதான். மோட்டாரைத் தூக்குவதற்கு முன் எலெக்ட்ரீசியனிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

மெயினை அணைத்து, காத்திருந்து, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டும். பிறகு பெட்டியை மட்டும் வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் அதே எழுத்து வந்தால் பழுது பெட்டியில். அந்த எழுத்து வராவிட்டால் பழுது கேபிளிலோ மோட்டாரிலோ. (மோட்டார் இல்லாததால் சில டிரைவ்கள் 'வெளி பேஸ் இல்லை' என்று வேறொரு எழுத்துக் காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

அடுத்து, கழற்றிய ஒயர்களில் இரண்டிரண்டாக ஓம் அளவு பார்க்க வேண்டும். மூன்று அளவுகளும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பிறகு ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே மெகர் வைக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கசிவு தொடங்கிவிட்டது. முள் பூஜ்ஜியத்தில் ஒட்டினால் மோட்டாரைத் தூக்கியே ஆக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒயரைக் கழற்றாமல் மெகர் வைத்தால், அது அனுப்பும் 500 வோல்ட் நேராக டிரைவுக்குள் பாய்ந்து உள்ளே இருக்கும் மின்னணு ஸ்விட்சுகளைக் கொன்றுவிடும். மோட்டார் பழுதைத் தேடப் போய் டிரைவையும் இழந்த கதை பல ஊர்களில் உண்டு. "ஒயரைக் கழற்றிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவதில் தவறில்லை.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. பழைய ஸ்டார்ட்டர் பலகையை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் டிரைவை மாட்டிவிடுகிறார்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கெப்பாசிட்டர் இருக்கவே கூடாது. ஓடும்போது திறந்து மூடும் கான்டாக்டரும் கூடாது. இரண்டும் அதிக கரன்ட் எழுத்தைக் கொண்டுவரும். கடைசியில் டிரைவைக் கொல்லும்.

கடல் காற்றும் புயலும்

கடலோரத்தில் டிரைவுக்கு ஆயுள் குறைவு. உப்புக் காற்று டெர்மினல்களில் பச்சை படியவைக்கும். கதகதப்பைத் தேடி எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் குடியேறும். சர்க்யூட் பலகையில் ஒரு பல்லி செத்தால் போதும். ஒயர் நுழையும் துளைகளை எல்லாம் கிளாண்ட் போட்டு அடைத்து வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஐப்பசி மழைக்கு முன்பும் கோடைக்கு முன்பும், டெர்மினல் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கக் கிராமங்களுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய பெட்டி வெளியே காய்ந்தாலும் உள்ளே சேறும் ஈரமும் இருக்கும். "போட்டுத்தான் பார்ப்போமே" என்று போட்டால் அத்தோடு முடிந்தது. மூழ்கிய பெட்டிக்கு மின்சாரம் கொடுக்காமல் கழற்றி, சர்வீஸ் ஆளிடம் கொடுத்து, சுத்தம் செய்து உலர்த்திச் சோதித்த பிறகே மாட்ட வேண்டும். அடுத்த முறைக்கு ஒரே வழி, உங்கள் ஊரில் வெள்ளம் ஏறிய அடையாளத்துக்கு மேலே பெட்டியை உயர்த்தி மாட்டுவதுதான்.

வாசகர் கேள்விகள்

*நான்கைந்து முறை ரீசெட் செய்தால் ஓடிவிடுகிறது. அப்படியே ஓட்டலாமா?* (நெட்டப்பாக்கம் வாசகர்)

கூடாது. குறை வோல்டேஜுக்கு ஒருமுறை ரீசெட் செய்து பார்க்கலாம். அதிக கரன்ட் வந்தால் காரணம் பார்க்காமல் மறுபடி போடாதீர்கள். எர்த்து கோளாறு என்றால் ஒருமுறையும் வேண்டாம். ஒவ்வொரு ரீசெட்டிலும் பழுதடைந்த இடத்தில் மின்சாரம் மறுபடி பாய்கிறது. ஜாயின்டில் இருந்த சிறு பழுது காயில்வரை போவது இப்படித்தான்.

*டிரைவ் மாட்டினால் மின்சாரம் மிச்சமாகும் என்கிறார்கள். உண்மையா?* (வில்லியனூர் வாசகர்)

பாதி உண்மை. வேகத்தை 50-இலிருந்து 40 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால், கணக்குப்படி மோட்டார் இழுக்கும் சக்தி பாதி அளவுக்கு இறங்கும். ஆனால் பம்ப் தண்ணீரைத் தள்ளும் உயரமும் 64 சதவீதமாகக் குறையும். முழு வேகத்தில் 60 மீட்டர்வரை தள்ளக்கூடிய பம்ப், 40 ஹெர்ட்ஸில் 38 மீட்டருக்கு மேல் தள்ளாது. உங்கள் நீர்மட்டம் அதற்குக் கீழே இருந்தால் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. நீர்மட்டம் மேலே இருந்து பம்ப் பெரிதாக இருந்தால்தான் லாபம். மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்பதால் குழாயும் ஜாயின்டும் நீண்ட நாள் உழைக்கும் என்பது எல்லோருக்கும் கிடைக்கும் பலன்.

*சிங்கிள் பேஸில் த்ரீ பேஸ் மோட்டாரை டிரைவ் வைத்து ஓட்டலாமா?* (அரியாங்குப்பம் வாசகர்)

சிறிய மோட்டார்களுக்கு அப்படிப்பட்ட டிரைவ்கள் உண்டு. ஆனால் சாதாரணமாக அவை வெளியே தருவது 230 வோல்ட் த்ரீ பேஸ்தான். உங்கள் மோட்டார் 230 வோல்ட் இணைப்புக்கு மாற்றக்கூடியதாக இருந்தால் ஓடும். 415 வோல்ட்டுக்கென்றே உள்ளே முடிச்சுப் போட்டு மூடிய சப்மெர்சிபிள் ஓடாது. ஓட்டினால் அதிக ஆம்பியர் இழுத்து ஓவர்லோட் காட்டும். வாங்கும் முன் பெயர்த்தகட்டைப் படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள்.

*மோட்டார் தூக்கி இறக்கிய பிறகு தண்ணீர் பாதிதான் வருகிறது. எந்த எழுத்தும் இல்லை. என்ன காரணம்?* (மண்ணாடிப்பட்டு வாசகர்)

பின்பக்கமாகச் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்ற வேண்டும். லைன் பக்கம் ஒயரை மாற்றினால் பயன் இல்லை. டிரைவ் எல்லாவற்றையும் டி.சி.யாக்கிவிட்டுத் தன் வரிசையில்தான் வெளியே அனுப்பும்.

*டிரை ரன் எழுத்து அடிக்கடி வருகிறது. அந்த வசதியையே நிறுத்திவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீசியன். செய்யலாமா?* (பாகூர் வாசகர்)

செய்யாதீர்கள். குழாயும் சல்லடையும் சரியாக இருந்து இந்த எழுத்து வந்தால், போரில் ஊறும் அளவைவிட நீங்கள் எடுக்கும் அளவு அதிகம். 50 ஹெர்ட்ஸை 46, 45 என்று சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள். தண்ணீர் சற்றுக் குறைவாக வந்தாலும் விடாமல் வரும். நின்றபின் மறுபடி தொடங்கும் இடைவெளியை அரை மணியாகக் கூட்டினால் போர் ஊறிக்கொள்ளும். சப்மெர்சிபிளை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டக் கூடாது. சோலாரில் காலை மாலை மங்கல் வெயிலில் மட்டும் இந்த எழுத்து வந்தால், அளவீட்டைச் சரிசெய்யச் சர்வீஸ் ஆளைக் கேளுங்கள்.

*குசும் திட்டத்தில் போட்ட பம்பில் கோளாறு வந்தால் யாரைக் கேட்பது?* (கரிக்கலாம்பாக்கம் வாசகர்)

அந்தத் திட்டத்தில் பம்ப் அமைத்த நிறுவனமே ஐந்து ஆண்டுகளுக்குப் பராமரிப்புப் பொறுப்பு ஏற்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் வெளி ஆளை வைத்துப் பெட்டியைத் திறக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும். திரையின் படம், நாள், நேரம் ஆகியவற்றுடன் எழுத்தில் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த நகலுடன் உங்கள் பகுதி உழவர் உதவியகத்தை அணுகுங்கள்.

பெட்டி சொல்லும் கடைசி எழுத்து

மேலே சொன்ன எழுத்துகளில் மற்றவை எல்லாம் ஒயரையும் மோட்டாரையும் பற்றியவை. பணம் இருந்தால் மாற்றிவிடலாம். டிரை ரன் மட்டும் நிலத்தைப் பற்றியது. ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய இந்த மண்ணில், இன்று கடலோரக் கிராமங்கள் சிலவற்றின் போரில் உவர்நீர் ஏறியிருக்கிறது. நன்னீரை அளவுக்கு மீறி எடுத்தால் அந்த இடத்தைப் பிடிக்கக் கடல் பக்கத்து நீர் நகர்ந்து வரும். ஒருமுறை வந்துவிட்டால் எளிதில் போகாது. அந்தத் தண்ணீரில் வெற்றிலையும் வாழையும் வராது.

ஆகவே டிரை ரன் வந்தால் மோட்டாரை இன்னும் இருபது அடி இறக்குவதற்கு முன்னால், வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். சொர்ணவாரியில் முழுவதும் நெல் வைக்காமல், ஒரு பகுதிக்கு உளுந்தோ மணிலாவோ வைக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். புதுச்சேரிப் பகுதியில் ஊசுடு, பாகூர் தொடங்கி 84 ஏரிகள் உண்டு. உங்கள் ஊர் ஏரியின் வரத்து வாய்க்கால் திறந்திருக்கிறதா என்று மழைக்கு முன் ஒருநாள் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஏரி நிரம்பினால் அதைச் சுற்றியுள்ள போர்களும் ஊறும்; டிரை ரன் எழுத்தும் அவ்வளவு சீக்கிரம் வராது.

இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, பேனாவோடு சேர்த்து மோட்டார் கொட்டகையில் தொங்கவிடுங்கள். முதல் பக்கத்தில் மோட்டாரின் ஆம்பியர், இறக்கிய ஆழம், டிரைவின் மாடல். அடுத்த பக்கத்திலிருந்து நாள், நேரம், எழுத்து, ஹெர்ட்ஸ். ஒரு போகம் முடியும்போது அந்த நோட்டைப் புரட்டினால், கோளாறு ஒயரிலா, மோட்டாரிலா, போரிலா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.